பாட்டு டீச்சர் பதில்கள்: பள்ளிக்கூடமே பாடும் நாடகம்

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்து ஓர் இசை நாடகம் போடுவது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டேன். கேட்டவர்களில் தலைமை ஆசிரியர், வகுப்பாசிரியை, அம்மா, அப்பா எல்லோரும் உண்டு. பெயர்களை விட்டுவிட்டேன், கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பள்ளியில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஏறக்குறைய 200 பிள்ளைகள். மேடை சிறியது, 40 பேர் நின்றாலே நெருக்கும். நன்றாகப் பாடுகிற 30 பேரை வைத்து நாடகம் போடலாம், மற்றவர்கள் பார்க்கட்டும் என்கிறார்கள் ஆசிரியர்கள். எல்லோரையும் சேர்ப்பது நடக்கிற காரியமா?
— ஒரு தலைமை ஆசிரியர்

பதில்: நடக்கிற காரியம்தான் சார். 30 பேரைப் பொறுக்கிக்கொண்டால் வேலை சுலபம், நிகழ்ச்சியும் பிசிறில்லாமல் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மீதி 170 பிள்ளைகளிடம் ‘உனக்குப் பாட வராது’ என்று பள்ளிக்கூடமே சொல்லிவிட்டதாக ஆகும். ஏழு வயதில் கேட்ட அந்தத் தீர்ப்பை ஐம்பது வயதிலும் சுமந்துகொண்டு ‘எனக்கும் பாட்டுக்கும் ரொம்ப தூரம்’ என்கிறவர்களை நிறையச் சந்தித்திருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

மேடை சிறியது என்றால் பள்ளிக்கூடத்தை மேடைக்குக் கீழே உட்கார வையுங்கள். மேடைக்கு இரண்டு பக்கமும், பார்வையாளர்களைப் பார்த்தபடி. ஒன்றாம் வகுப்பு தரையில், அவர்களுக்குப் பின்னால் இரண்டும் மூன்றும் பெஞ்சில், நான்கும் ஐந்தும் அதற்குப் பின்னால் நின்றபடி. இவர்கள்தான் நாடகத்தின் உடம்பு. மேடையில் நடக்கிற எல்லாவற்றுக்கும் பாடுகிறவர்கள், கேள்வி கேட்கிறவர்கள், காற்றாகவும் மழையாகவும் ஓசை எழுப்புகிறவர்கள் இவர்களே. ஒவ்வொரு வகுப்பும் தன் காட்சிக்கு ஒரே ஒரு முறை மேடையேறி, முடிந்ததும் இடத்துக்குத் திரும்பும்.

கதையையும் அதற்கேற்ற மாதிரி அமைக்க வேண்டும். ஒரு கதாநாயகன், அவனைச் சுற்றி பத்துப் பேர் என்ற கதை இதற்கு ஒத்துவராது. பயணக் கதைதான் வசதி. நான் பல பள்ளிகளில் போட்டது, ஆறு வற்றிப்போய் ஒரு காடே தண்ணீர் தேடிக் கிளம்புகிற கதை. வழியில் எறும்புகள், பாறைகள், மேகங்கள், இரவுப் பறவைகள் என்று ஒவ்வொரு கூட்டமாகச் சந்திப்பார்கள். ஒவ்வொரு கூட்டமும் ஒரு வகுப்பு, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பாட்டு. தொடக்கப் பாட்டு, முடிவுப் பாட்டு, நடுவில் திரும்பத் திரும்ப வரும் நாலு வரிப் பல்லவி, இந்த மூன்றும் எல்லோருக்கும். ஆக ஒரு பிள்ளை மனப்பாடம் செய்ய வேண்டியது நாலே உருப்படி. வகுப்புப் பாட்டை வகுப்பறையிலேயே வகுப்பாசிரியர் பழக்கிவிடலாம். பள்ளி முழுவதையும் மைதானத்தில் கூட்டி மணிக்கணக்காக வெயிலில் உட்கார வைக்க வேண்டியதில்லை.

இனி, பலரும் யோசிக்காத ஒன்று: ஏறுவதும் இறங்குவதும். ஒரு வகுப்பு எழுந்து, படியேறி, நிற்க வேண்டிய இடத்தில் நின்று அடங்க, பழக்கம் இல்லாவிட்டால் 2 நிமிடம் ஆகும். இறங்க இன்னொரு 2 நிமிடம். ஐந்து வகுப்புக்குக் கணக்குப் போட்டால் பார்வையாளர்கள் 20 நிமிடம் ஆசிரியர்களின் ‘சீக்கிரம் சீக்கிரம்’ என்ற குரலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதனால் முதல் ஒத்திகையில் பாட்டே வேண்டாம், நடையை மட்டும் பழக்குங்கள். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும், இரண்டு வரிசைகள் எங்கேயும் எதிரெதிரே வரக்கூடாது. நடக்கும் நேரம் முழுக்கக் கீழே இருப்பவர்கள் அந்தப் பல்லவியைப் பாடிக்கொண்டே இருக்கட்டும். வரிசையின் முதல் ஆளாக நிதானமான ஒரு பிள்ளை, கடைசி ஆளாக அதைவிட நிதானமான ஒரு பிள்ளை. கடைசி ஆளின் வேலைதான் கடினம். முன்னால் போகிறவர்கள் தேங்கினால் அவன் தள்ளாமல் நிற்க வேண்டும், யாராவது கீழே உட்கார்ந்துவிட்டால் கையைப் பிடித்து எழுப்பி நடத்த வேண்டும். தரையில் முதல் பிள்ளை நிற்கும் இடத்துக்கு மட்டும் கலர் டேப் ஒட்டினால் போதும். நாற்பது பேருக்கும் குறி போட்டால் நாற்பது பேரும் குனிந்து தன் குறியைத் தேடுவார்கள்.

கேள்வி: டீச்சர், நான் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். எனக்குச் சங்கீதம் தெரியாது. பிள்ளைகள் உற்சாகமாகப் பாடுகிறார்கள், ஆனால் பாட்டு கத்தலாகிவிடுகிறது. ‘மெதுவா’ என்றால் குரலே வருவதில்லை. என்ன செய்வது?
— வகுப்பாசிரியை ஒருவர்

பதில்: முதலில் சுருதியைப் பாருங்கள் அம்மா, அதாவது பாட்டு எந்த உயரத்தில் தொடங்குகிறது என்று. பெரியவர்கள் தங்கள் தொண்டைக்குச் சௌகரியமான இடத்தில் பாட்டைத் தொடங்குகிறார்கள். அது பெரும்பாலும் குழந்தைக்குத் தாழ்வான சுருதி. அங்கே குழந்தையால் பாட்டுக்குரலில் பாட முடியாது, பேசுகிற குரலைத்தான் தள்ளும். தள்ளினால் வருவது கத்தல். கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு. அரைக் கட்டை, ஒரு கட்டை ஏற்றிப் பாருங்கள், அந்த முரட்டுத்தனம் பாதி தானாகக் குறையும்.

ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுக்கு நடு ஸ்தாயியில் (ஸ்தாயி என்பது ஏழு சுரங்கள் அடங்கிய ஓர் அடுக்கு) 2 கட்டையிலிருந்து 6 கட்டை வரைதான் சுகமான இடம். கீபோர்டு வைத்திருந்தால், நடு சி-க்கு அடுத்த டி தொடங்கி அதற்கு மேலே உள்ள ஏ வரை. எட்டு, பத்து வயதில் கீழே 1 கட்டை வரை இறங்கலாம், மேல் ஸ்தாயி 1 கட்டை, மிஞ்சினால் 2 கட்டை வரை போகலாம். பள்ளி முழுவதும் சேர்ந்து பாடும் பாட்டைச் சின்னவர்களின் எல்லைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், பெரிய பிள்ளைகளுக்கு அதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. பாட்டின் ஆக உயர்ந்த வரியையும் ஆகத் தாழ்ந்த வரியையும் மட்டும் மூன்று நான்கு பிள்ளைகளைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். இரண்டும் கழுத்து நரம்பு புடைக்காமல் வந்தால் சுருதி சரி.

ஆண் ஆசிரியர்கள் பாடிக் காட்டினால் இன்னொரு சிக்கல் உண்டு. அவர்கள் குரல் ஒரு ஸ்தாயி கீழே இருப்பதால் சில குழந்தைகள் அந்தக் குரலையே தேடிக்கொண்டு கீழே இறங்கி முணுமுணுப்பார்கள். அப்போது சரியான ஸ்தாயியில் பாடக்கூடிய ஒரு பெரிய வகுப்புப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பாடச் சொல்லுங்கள்.

சொல்லிக்கொடுக்கும் முறைக்கு வருகிறேன். முதலில் பாட்டு முழுவதையும் நீங்கள் பாடுங்கள், அவர்கள் கேட்கட்டும். ‘பாட்டில் எறும்பு எத்தனை தடவை வந்தது?’ என்று கேளுங்கள். எண்ணுவதற்காக இன்னொரு முறை பாடச் சொல்வார்கள். ‘எறும்பு எதைத் தூக்கிக்கொண்டு போனது?’ என்றால் மூன்றாவது முறை. அதற்குள் பாதிப் பாட்டு அவர்கள் வாயில் இருக்கும். அப்புறம் ஒரு வரி நீங்கள், ஒரு வரி அவர்கள். அவர்கள் பாடும்போது நீங்கள் கட்டாயம் நிறுத்திவிட வேண்டும். கூடவே பாடினால் நீங்கள் கேட்பது உங்கள் குரலைத்தான்.

‘கத்தாதே’ என்பதற்குப் பதிலாக, ‘கடைசி வரிசையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு ஒவ்வொரு சொல்லும் புரிய வேண்டும்’ என்று சொல்லிப் பாருங்கள். உதடும் நாக்கும் வேலை செய்யத் தொடங்கும், சத்தம் தானே அடங்கும்.

ஒரே சுரத்திலேயே பாடுகிற பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களுக்குக் காது இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். அந்தப் பிள்ளை பிடித்திருக்கும் சுரத்துக்கு நீங்கள் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். இருவர் குரலும் ஒன்றாக இருப்பதை அது உணரட்டும். அங்கிருந்து ஆம்புலன்ஸ் சத்தம் போல ‘ஊ…’ என்று சேர்ந்தே மேலே ஏறுங்கள், இறங்குங்கள். பலருக்குக் கொஞ்ச நாளில் வழி பிடிபட்டுவிடும். பிடிபடாவிட்டாலும் அந்தப் பிள்ளை பாடட்டும். ‘நீ வாயை மட்டும் அசை’ என்று எந்தக் குழந்தையிடமும் சொல்லாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: பாட்டு வரிகளை நாங்களே எழுதுகிறோம். படித்தால் நன்றாக இருக்கிறது, பிள்ளைகள் பாடினால் ஒரு சொல்லும் புரியவில்லை.
— இரண்டு ஆசிரியைகள் சேர்ந்து எழுதியது

பதில்: நீங்கள் அனுப்பிய பாட்டில் ‘மலை மேலே ஏறுவோம்’ என்று ஒரு வரி இருக்கிறது. மெட்டில் அந்த ‘ம’ வருகிற இடம் நீளமான சுரம். குழந்தை அதை நீட்டிப் பாடினால் ‘மாலை மேலே ஏறுவோம்’ என்றுதான் கேட்கும். குறில் நீண்ட சுரத்தில் விழுந்தால் நெடிலாகிவிடும். அனுபவப்பட்ட பாடகர் குறிலைச் சட்டென்று தொட்டுவிட்டு மெய்யில் நின்று சமாளிப்பார், ஆறு வயதுப் பிள்ளை சமாளிக்காது. நீளும் இடங்களில் வானம், காடு, ஆறு, வா, போ என்று நெடில் வருகிற சொற்களாக வையுங்கள். அந்த வரியை ‘மேலே மேலே ஏறுவோம்’ என்று ஆரம்பித்து, மலையை அடுத்த வரியின் வேகமான இடத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது மூச்சு. சின்னக் குழந்தையால் ஒரு மூச்சில் நாலைந்து விநாடிதான் வசதியாகப் பாட முடியும். நீங்கள் வரியை அங்கே முடிக்காவிட்டால் அது தானாக நிறுத்தி மூச்செடுக்கும், அது ஒரு சொல்லின் நடுவாக இருக்கும். ‘பறந்து வரும் பற – வைகளே’ என்று உங்கள் பிள்ளைகள் உடைத்துப் பாடுவது அதனால்தான்.

வேகமான இடங்களில் வல்லினம் அடுக்கடுக்காக வந்தால் நாக்கு தடுக்கும். ‘சுற்றிச் சுற்றித் துரத்திப் பிடித்து’ என்பதைக் கைதட்டிக்கொண்டே வேகமாகச் சொல்லிப் பாருங்கள், நீங்களே மாற்றிவிடுவீர்கள். எழுதி முடித்ததும் அந்தப் பாட்டைக் கேட்டே இராத ஒருவரை உட்கார வைத்து, பிள்ளைகள் பாடுவதைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதியதற்கும் நீங்கள் எழுதியதற்கும் உள்ள வித்தியாசங்கள்தான் நீங்கள் திருத்த வேண்டிய இடங்கள்.

இன்னொன்று, மெட்டு வேறொருவர் போட்டது என்றால், பொது நிகழ்ச்சியில் பாடுவதற்கும் வீடியோவை இணையத்தில் ஏற்றுவதற்கும் அனுமதி தேவைப்படலாம். அதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள், அழைப்பிதழ் அடித்த பிறகு வேண்டாம்.

கேள்வி: என் மகளுக்கு மரம் வேஷம். ‘சும்மா நிக்கணும் அவ்வளவுதாம்பா’ என்று அழுகிறாள். அவள் நன்றாகப் பாடுவாள். பள்ளியில் பேசி நல்ல வேஷம் வாங்கித் தரலாமா?
— ஓர் அப்பா

பதில்: வேஷத்தை மாற்றச் சொல்லிப் போய் நிற்காதீர்கள் தம்பி. உங்களுக்காக மாற்றினால் இன்னொரு வீட்டில் ஒரு குழந்தை அழும். ஆனால் ஆசிரியரிடம் பேசலாம், பேசவும் வேண்டும். ‘மரம் கதையில் என்ன செய்கிறது என்று சொன்னால் வீட்டில் அவளோடு பழகுவேன்’ என்று கேளுங்கள். நல்ல ஆசிரியராக இருந்தால், பதில் யோசிக்கும்போதே அந்த மரத்துக்கு ஒரு வேலை கிடைத்துவிடும்.

இதை ஆசிரியர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மேடையில் சும்மா நிற்கிற பிள்ளை என்று ஒன்று இருக்கவே கூடாது. எங்கள் நாடகத்தில் மரங்கள் நடக்கும். கதை வேறு இடத்துக்குப் போனால் மரங்கள்தான் நகர்ந்து நின்று காட்டைப் பாறை வெளியாக மாற்றும், திரையை இழுக்க வேண்டிய வேலையே இல்லை. காற்று வரும்போது கோரஸுக்கு முன்பே மரங்கள் அசையத் தொடங்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் கீழே இருப்பவர்கள் ‘உஸ்ஸ்’ என்று ஆரம்பிப்பார்கள். ஒரு வருஷம் மரமாக நின்ற பெண் ஒருத்தி, தன் கிளையில் உட்கார வேண்டிய குருவி எந்தப் பக்கமாக வரும், அதுவரை கையை எந்த உயரத்தில் வைத்தால் வலிக்காது என்று என்னிடம் வந்து கேட்டாள். இரண்டு விரல் அளவு கையை இறக்கிக்கொள்ளலாம் என்று சேர்ந்து முடிவு செய்தோம். அவளுக்கு வசனம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் அந்தக் காட்சி முழுக்க அவள் கையில்தான் இருந்தது.

நீங்கள் வீட்டில் செய்யக்கூடியது, மரத்தைப் பற்றி அவளிடம் கேள்வி கேட்பது. எந்த மரம், எவ்வளவு வயசு, உன் மேல் யார் குடியிருக்கிறார்கள், தண்ணீர் இல்லாவிட்டால் உனக்கு எங்கே வலிக்கும்? இரண்டு நாளில் அவளே பதில் சொல்லிக்கொண்டு நடந்து காட்டுவாள்.

கேள்வி: எங்கள் நிர்வாகம் இரண்டு மணி நேர நாடகம் கேட்கிறது. ‘பெற்றோர் எல்லாம் வருகிறார்கள், குறைவாக இருந்தால் நன்றாக இராது’ என்கிறார்கள்.

பதில்: வேண்டாம். 40 நிமிடம், அதிகம் போனால் 50. ஆறு வயதுப் பிள்ளை மேடையோரம் அடங்கி உட்கார்ந்திருக்கக்கூடிய நேரம் அதற்கு மேல் கிடையாது. உலகம் முழுக்கப் பள்ளிகளில் மேடையேறுகிற, பைபிளில் வரும் யோசேப்பின் கதையைச் சொல்லும் இசை நாடகம் ஒன்று இருக்கிறது, ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் இசையில் டிம் ரைஸ் வரிகள் எழுதியது. 1968 மார்ச்சில் லண்டனில் ஒரு பள்ளியில் பிள்ளைகள் அதை முதன்முதலாகப் பாடியபோது அதன் நீளம் சுமார் 15 நிமிடம்தான். பெரிய அரங்குகளுக்கான முழு நீள நாடகமாக அது வளர்ந்தது பிறகுதான். உங்கள் நிர்வாகத்திடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. கூட்டத்தின் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்கிறான். மேடை என்றால் பிடிவாதமாக ‘மாட்டேன்’ என்கிறான். வீட்டில் மட்டும் எல்லாப் பாட்டையும் பாடுகிறான். கட்டாயப்படுத்தலாமா, விட்டுவிடலாமா?
— ஓர் அம்மா

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மா. மேடைக்கு வராமலே நாடகத்துக்குள் இருக்கிற வேலைகள் நிறைய உண்டு, அவை குறைந்த வேலைகளும் இல்லை.

பெஞ்சமின் பிரிட்டன் என்ற இங்கிலாந்து இசையமைப்பாளர் நோவாவின் பெருவெள்ளக் கதையை இசை நாடகமாக்கினார். 1958 ஜூனில் ஆர்ஃபோர்டு என்ற ஊரின் தேவாலயத்தில் அது அரங்கேறியது. பாடுகிறவர்களிலும் வாசிக்கிறவர்களிலும் பெரும்பகுதி பிள்ளைகள். மழைத்துளி விழுகிற ஓசைக்கு அவர் என்ன வைத்தார் தெரியுமா? வரிசையாகத் தொங்கவிட்ட கோப்பைகளை மரக்கரண்டியால் தட்ட வைத்தார். அதைப் படித்த நாளிலிருந்து நானும் என் நாடகங்களில் மழைக்குக் கோப்பைகளையே வைக்கிறேன். அளவு வேறு வேறாக ஐந்தாறு கோப்பை, கைப்பிடியில் கயிறு கட்டி ஒரு கம்பில் தொங்கவிட வேண்டும். கோப்பை ஆட வேண்டும், எதன் மேலும் இடிக்கக்கூடாது. விளிம்புக்குக் கொஞ்சம் கீழே தட்டினால் சுத்தமான ஓசை வரும். கூட்டத்தில் நிற்க முடியாத பிள்ளைகள் அந்தக் கம்புக்கு முன்னால் உட்கார்ந்து, எந்தக் கோப்பைக்குப் பின் எந்தக் கோப்பை என்று கண்ணெடுக்காமல் வாசிப்பதைப் பார்த்திருக்கிறேன். சத்தம் அவர்கள் கையிலிருந்து வருகிறது, எப்போது வரும் என்றும் அவர்களுக்குத் தெரியும். காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைகள் பலருக்கு அதுவே போதுமாக இருக்கிறது.

ஆசிரியரிடம் இதைப் பேசுங்கள். ஸ்பீக்கருக்குத் தூரமாக, வாசலுக்குப் பக்கத்தில் அவனுக்கு இடம் கேளுங்கள். காலி அரங்கத்தை ஒருநாள் முன்கூட்டியே காட்டச் சொல்லுங்கள். விளக்கு அணைவதை, மைக் ஒலிப்பதை, கைதட்டல் எப்படி இருக்கும் என்பதை அவன் முதலிலேயே அறிந்திருக்கட்டும். சத்தத்தைக் குறைக்கும் காதுக் கவசம் வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நடுவில் எழுந்து போக வேண்டும் என்றால் எந்த வழியாக, யாருடன் என்றும் முடிவு செய்துவிடுங்கள். போக வழி இருக்கிறது என்று தெரிந்தால் போகாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளே அதிகம். அன்றைக்கு அவன் வரவே மாட்டேன் என்றாலும் சரி, வீட்டில் பாடியது எங்கேயும் போய்விடாது.

கேள்வி: கதை சொல்லியாக வர ஆசைப்படும் மாணவனுக்குத் திக்குவாய். கொடுக்கலாமா?

பதில்: அவனே ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறான், கொடுங்கள். திக்குகிறவர்களில் பலருக்குப் பாடும்போதும், மற்றவர்களோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போதும் திக்கு வருவதில்லை. வசனத்தில் கொஞ்சத்தைப் பாட்டாக்கலாம், கொஞ்சத்தை இருவர் சேர்ந்து சொல்லலாம். எது வேண்டும் என்று அவனிடம் தனியாகக் கேளுங்கள். ‘இல்லை, நானே சொல்கிறேன்’ என்றால் அப்படியே விடுங்கள், திக்கினால் எல்லோரும் காத்திருக்கட்டும். அவன் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கி நீங்கள் முடிக்க வேண்டாம்.

கேள்வி: கரோக்கி டிராக் போடுவதா, கீபோர்டு வாசிப்பவரை வைப்பதா? குரலையும் முன்கூட்டியே பதிவு செய்து வாயசைக்க வைத்துவிட்டால் பிசகே வராது என்கிறார் சவுண்டு சிஸ்டம் வைப்பவர்.

பதில்: வாயசைப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். அத்தனை நாள் பாடிப் பழகிய பிள்ளையிடம் ‘அன்றைக்கு உன் குரல் தேவையில்லை’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. பெற்றோர் கேட்க வந்ததும் அந்தக் குரலைத்தான். நடுவில் ஒருவன் முந்திப் பாடினால் பாடட்டும்.

டிராக்கா, ஆளா என்றால் ஆள். ஒரு பிள்ளை வரியை மறந்து விழிக்கும்போது கீபோர்டுக்காரர் அந்தச் சுரத்தையே இன்னும் நாலு தட்டு வாசித்துக்கொண்டு காத்திருப்பார், டிராக் ஓடிவிடும். எல்லாப் பாட்டுக்கும் ஆள் கிடைக்காவிட்டால் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பாட்டுகளுக்காவது ஏற்பாடு செய்யுங்கள், அதுவும் இயலாவிட்டால் ஒரு சுருதிப்பெட்டியும் ஒரு கைப்பறையும் போதும். டிராக்தான் என்றால், சுருதி மாற்றக்கூடிய செயலியில் போட்டுப் பிள்ளைகளின் எல்லைக்குக் கொண்டுவந்த பிறகே பழக்குங்கள். முதல் ஒத்திகையிலிருந்தே அதே டிராக், அதே சுருதி, அதே வேகம்.

மைக் விஷயத்தில் செலவைக் குறைக்கலாம். 200 பிள்ளைகள் ஒன்றாகப் பாடுகிற இடத்தில் அவர்களுக்கு மைக்கே தேவையில்லை. வசனம் பேசுகிறவர்களுக்கு மேடையின் முன்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்டாண்டு மைக், பிள்ளைகளின் வாய் உயரத்துக்கு. கைமைக்கை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிப் பேச வைத்தால், பாதி வசனம் மைக் கைமாறும்போது காணாமல் போகும். ஸ்பீக்கர் எப்போதும் மைக்குக்கு முன்னால், பார்வையாளர்கள் பக்கம் திரும்பி இருக்க வேண்டும், பின்னால் இருந்தால் ‘ஊய்ங்’ என்று அலறும். கீபோர்டின் ஓசை பிள்ளைகளுக்குக் கேட்கச் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை மட்டும் மெல்லிய சத்தத்தில் அவர்கள் பக்கம் திருப்பி வையுங்கள். சுருதி விலகுவது பலமுறை இது இல்லாததால்தான்.

கேள்வி: எப்போது ஆரம்பித்தால் சரியாக இருக்கும்?

பதில்: எட்டிலிருந்து பத்து வாரம் முன்னால், ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். சனிக்கிழமை மூன்று மணி நேரம் பிழிந்தெடுப்பதைவிட இது எவ்வளவோ மேல், பாடமும் கெடாது. பள்ளி முழுவதும் சேர்வது கடைசி இரண்டு வாரத்தில் சில தடவை போதும். உடையோடு ஓர் ஒத்திகை கட்டாயம், அதைப் பார்க்கப் பக்கத்து வகுப்பையாவது உட்கார வையுங்கள். பார்க்க ஆள் இல்லாத ஒத்திகையில் பிள்ளைகள் எங்கே பார்ப்பது என்று பழகுவதில்லை.

கேள்வி: உடை, மேக்கப்?

பதில்: எல்லோருக்கும் ஒரே மாதிரி எளிய உடை, அதன் மேல் தலையிலோ தோளிலோ ஒரு பொருள். எறும்புக்கு இரண்டு கொம்பு, மேகத்துக்கு ஒரு வெள்ளைத் துணி. கண்ணை மறைக்கும் முகமூடி வேண்டாம், படியேறும்போது கால் தெரியாது. தரையைத் தொடும் அங்கியும் வேண்டாம். முகத்தில் பசை தடவி எதையும் ஒட்டாதீர்கள். வண்ணம் பூசுவதாக இருந்தால் இரண்டு நாள் முன்பே கையில் கொஞ்சம் தடவிப் பாருங்கள். உண்மையான தீ, சூடான விளக்குக்குப் பக்கத்தில் துணி, இவை இரண்டுக்கும் இடமே இல்லை. எந்த உடையையும் பிள்ளை தானாகவே கழற்றிக் கழிவறைக்குப் போய்வர முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்த உடையை மாற்றுங்கள்.

கேள்வி: சிறந்த நடிகர், சிறந்த பாடகர் என்று பரிசு வைக்கலாமா?

பதில்: கூடாது. எட்டு வாரம் ஒருவர் குரலோடு ஒருவர் குரல் சேரப் பழக்கிவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் பிரித்துவிடாதீர்கள்.

கேள்வி: நிகழ்ச்சி நாளன்று ஆசிரியர்கள் யார் யார் எங்கே இருக்க வேண்டும்? போன வருஷம் எல்லோரும் மேடையோரமே நின்றுவிட்டோம், கீழே ஒரே அமளி.
— நிகழ்ச்சிப் பொறுப்பாசிரியர்

பதில்: மேடையோரத்தில் இரண்டு பேர் போதும், ஏறுகிற பக்கம் ஒருவர், இறங்குகிற பக்கம் ஒருவர். வகுப்பாசிரியர்கள் எல்லோரும் கீழே அவரவர் வகுப்போடு, பிள்ளைகளுக்கு நடுவில். பாட்டை நடத்துகிறவர் முன்வரிசைக்கு முன்னால் தாழ்வான முக்காலியில் உட்காரட்டும். பிள்ளைகளுக்கு அவர் முகம் தெரிய வேண்டும், பார்வையாளர்களை அவர் தலை மறைக்கக்கூடாது. அவர் உதட்டைப் பெரிதாக அசைத்து வரியைச் சொன்னாலே போதும், வரி மறந்த பிள்ளை அதைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளும். மேடையில் ஒருவர் மறந்தால் பக்கத்தில் இருப்பவர் அந்த வசனத்தைச் சொல்லலாம் என்பதையும் ஒத்திகையிலேயே பழக்கியிருங்கள். ஒருவர் வரவில்லை என்று வைத்துக்கொண்டு ஒருநாள் ஓட்டிப் பாருங்கள், யார் யாருக்கு யாருடைய வசனம் தெரியும் என்று உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

கழிவறைக்கு அழைத்துப் போக ஒருவர், அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள். தொடங்குவதற்கு 20 நிமிடம் முன்பு வகுப்பு வகுப்பாகப் போய்வந்துவிட வேண்டும். தண்ணீர் பாட்டில் வகுப்பாசிரியரிடம் இருக்கட்டும். புகைப்படம், வீடியோவுக்குப் பள்ளி சார்பாக ஒரே ஒருவர், எந்தப் பிள்ளையின் படத்தை வெளியிடக்கூடாது என்று பெற்றோர் சொல்லியிருக்கிறார்கள் என்ற பட்டியல் அவர் கையில் இருக்க வேண்டும்.

நிகழ்ச்சி முடிந்த உடனே வருகிற பத்து நிமிடத்தைத்தான் பலரும் கவனிப்பதில்லை. பெற்றோர் எல்லோரும் மேடையை நோக்கி ஒரே சமயத்தில் வருவார்கள். கடைசிப் பாட்டு முடிந்ததும் பெற்றோரை இருக்கையிலேயே இருக்கச் சொல்லி அறிவியுங்கள். பிள்ளைகள் வரிசையாக வகுப்பறைக்குப் போகட்டும், ஒன்றாம் வகுப்பு முதலில். அங்கே வகுப்பாசிரியர் அட்டெண்டன்ஸ் எடுத்து, வந்தவர் யார் என்று பார்த்து, ஒவ்வொரு பிள்ளையாக ஒப்படைக்கட்டும். கடைசிப் பிள்ளையையும் ஒப்படைத்த பிறகுதான் ஆசிரியர்கள் மேடைச் சாமான்களை எடுத்து வைக்கப் போக வேண்டும்.